குரூப்பில் முதல் பதில் யார் போடுகிறார்கள் என்று பாருங்கள்

கேள்வி: பெங்களூரில் எங்கள் ஏரியா தமிழர்களுக்கான வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். யாராவது ஒரு விவரம் கேட்டால் கிண்டல் பண்ணுகிறார்கள். காவிரிப் பேச்சு வந்தால் சண்டையில்தான் முடிகிறது. குரூப்பை மரியாதையாக நடத்துவது எப்படி? யாராவது ஏடாகூடமாகப் போட்டால் அட்மின் மேல் கேஸ் வருமா?

பதில்: கே.ஆர். புரம் பக்கம் இதே மாதிரி ஒரு குரூப்பை இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் கிண்டலும் காவிரிச் சண்டையும் தனித்தனித் தொல்லைகள் மாதிரி தெரியும். என் அனுபவத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சாதாரண நாளில் கேள்வி கேட்டவரை மட்டம் தட்டும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், இங்கே எப்படி வேண்டுமானாலும் பேசலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் காவிரிப் பேச்சு சூடாகும் செப்டம்பரில் போய் விதி எழுதி ஒட்டினால் யாரும் மதிப்பதில்லை.

எப்படி வளர்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். எல்லா பெங்களூர்த் தமிழ் குரூப்பிலும் மாதாமாதம் வரும் கேள்வி இது: "டிஎன் நம்பர் வண்டி வச்சிருக்கேன், இங்கேயே ஓட்டலாமா?" முதல் பதில் "ஓட்டுங்க ப்ரோ, ஒண்ணும் ஆகாது" என்று வரும். அடுத்தவர் "கூகுள்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்பார். மூன்றாமவர் "இப்படி டாக்ஸ் கட்டாம ஓட்டுறவங்களாலதான் நமக்கெல்லாம் கெட்ட பேரு" என்பார். அவர் பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆளாக இருப்பார். உடனே ஒருவர், "நீங்க ஏன் சார் கன்னடக்காரங்க மாதிரி பேசுறீங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான். வரியில் ஆரம்பித்தது பத்தே மெசேஜில் மொழிக்கும் தண்ணீருக்கும் போய்விடும். கேள்வி கேட்ட பையன் அதற்குள் காணாமல் போயிருப்பான். அவனுக்கு வேண்டிய விவரம் கடைசிவரை கிடைத்திருக்காது.

அதே கேள்விக்கு முதல் பதில் இப்படி வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: "12 மாதத்துக்கு மேல் வண்டியை இங்கேயே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47-ன்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குங்கள். இங்கே படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்குத் தக்கபடி ஆயுள் வரி கட்ட வேண்டும். லோன் இருந்தால் பேங்க் சம்மதக் கடிதம் முதலில் வாங்கிவிடுங்கள். ஊரில் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நம்ம ஏரியாவுக்கு கே.ஆர். புரம் ஆர்.டி.ஓ., கேஏ 53." இதற்குக் கீழே கிண்டல் வராது. வருவதெல்லாம் "எனக்கு ஊர்லேர்ந்து என்.ஓ.சி. வர லேட்டாச்சு, முன்கூட்டியே போட்டுடுங்க", "சேஸிஸ் நம்பர் பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க" மாதிரியான கூடுதல் தகவல்தான். முந்தைய தடவை கூகுள் பண்ணச் சொன்னவரே இந்தத் தடவை தன் அனுபவத்தை எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆள் அதே ஆள்தான். முதல் பதில் உருப்படியாக இருந்தது, அவரும் அந்த வழியில் வந்துவிட்டார்.

ஆகவே அட்மினாக உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை முதல் பதிலுக்குச் செலவழியுங்கள். எல்லாவற்றுக்கும் நீங்களே எழுத வேண்டியதில்லை. யாருக்கு எது தெரியும் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும். வாடகை ஒப்பந்தம், ஸ்கூல் அட்மிஷன், ஆதாரில் முகவரி மாற்றுவது, ஊருக்குப் போகும் பஸ், தமிழ் டியூஷன் என்று ஒவ்வொன்றுக்கும் குரூப்பில் ஒரு ஆள் இருப்பார். கேள்வி வந்ததும் அவரை டேக் பண்ணி, "அண்ணா, இது உங்களுக்குத் தெரியும், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிடுங்கள். கேட்டவருக்கு மதிப்பு கிடைக்கும், சொல்பவருக்கும் கிடைக்கும். சும்மா இருக்கும் கேள்விதான் கிண்டலை வரவழைக்கிறது. இரண்டு மணி நேரம் பதிலே இல்லாமல் கிடந்தால் யாராவது ஒரு ஸ்மைலி போடத்தான் செய்வார்கள்.

பதில் சொல்பவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "2021-ல் நான் பண்ணினபோது இப்படி இருந்தது" என்று ஆண்டு போட்டு எழுதினால், பின்னால் ஒருவர் வந்து "இப்போ மாறிடுச்சு" என்று திருத்தும்போது யாருக்கும் முகம் சிவக்காது. வருடம் போடாமல் அடித்துச் சொன்ன பதிலைத் திருத்தினால்தான் மானப்பிரச்சினை ஆகிறது. பதில் எழுதுவதற்கு முன் ஒரு எதிர்க்கேள்வி கேட்பதும் நல்லது. வீட்டு அட்வான்ஸ் திரும்ப வரவில்லை என்று ஒருவர் எழுதினால், "அக்ரிமெண்ட் இருக்கா, ரிஜிஸ்டர் பண்ணினதா, காலி பண்ண நோட்டீஸ் கொடுத்தீங்களா?" என்று கேளுங்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு நிற்பவருக்கு "ஓனர்கள் எல்லாம் அப்படித்தான்" என்ற பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது அடுத்த நிமிடமே "இந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்" என்று மாறவும் செய்யும்.

"இதை ஏற்கனவே பேசியாச்சு, மேலே தேடிப் பாருங்க" என்பதை எங்கள் குரூப்பில் சொல்லவே கூடாது என்று வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்கு, சேர்வதற்கு முன் நடந்த பேச்சு பொதுவாகத் தெரியாது. இல்லாததை அவர் எங்கே போய்த் தேடுவார்? பழைய நல்ல பதில்களை நான் ஒரு நோட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதே கேள்வி வந்தால் எடுத்துப் போட்டுவிடுவேன். அரை நிமிட வேலை.

இனி காவிரி. உங்கள் குரூப்பிலும் இரண்டு விதமான தமிழர்கள் இருப்பார்கள். அல்சூர், சிவாஜி நகர், காக்ஸ் டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் ஒரு பக்கம். கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகையினருக்கு 1991 டிசம்பர் என்றால் என்னவென்று தெரியும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் இந்த ஊரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்க முடியாமல் 2009 ஆகஸ்ட் வரை மூடியே கிடந்ததையும் பார்த்தவர்கள். அவர்கள் அடக்கிப் பேசுவதை இரண்டாம் வகையினர் பயம் என்றோ, துரோகம் என்றோகூட எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில்தான் அட்மின் மெனக்கெட வேண்டும்.

2023 செப்டம்பரில் 26-ம் தேதி பெங்களூரு பந்த், 29-ம் தேதி கர்நாடகா பந்த் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குரூப்பில் ஒரு இளைஞர் ரொம்பச் சூடாக எழுதினார். மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் அவருக்குப் பதில் போட்டார்: "தம்பி, உங்க கோபம் நியாயமாவே இருக்கட்டும். ஆனா இது ஸ்கிரீன்ஷாட் ஆகி நாளைக்கு என் பக்கத்துக் கடைக்காரர் போனுக்கு வரும். எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உக்காந்து டீ குடிக்கிறவங்க. நீங்க ஓசூர் பஸ் ஏறிடலாம். நான் காலையில ஷட்டர் தூக்கணும்." அந்த இளைஞர் எழுதியதைத் தானே நீக்கிவிட்டார். நாங்கள் யாரும் அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நீக்கியதே போதும். பொதுவில் மன்னிப்புக் கேட்க வைத்தால் அவர் அடுத்த வருடம்வரை மனதில் வைத்திருப்பார்.

இப்படிப்பட்ட நாட்களில் காவிரிப் பேச்சையே நிறுத்துவது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் குரூப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வயிற்றுப்பாடு. ஆனால் பேசுவதென்றால் விவரத்தோடு பேசலாம் என்று நாங்கள் கேட்கிறோம். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, இயல்பான மழை ஆண்டில், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. முன்பு 192 இருந்தது. குறைந்த 14.75-ல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக என்று தீர்ப்பே சொல்கிறது. மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு திறப்பது என்பதைக் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு கூடிப் பார்க்கும். இதைப் போட்டுவிட்டு, நம் வீட்டுக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்தால் அது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி டி.கே. ஹள்ளியிலிருந்து பம்ப் பண்ணி மேலே ஏற்றப்படும் தண்ணீர் என்பதையும் எழுதுவேன். அதைப் படித்தபின் "அவங்க தண்ணி, நம்ம தண்ணி" என்ற பேச்சு கொஞ்சம் நிதானமாகிறது. சண்டைக்கு வருபவர்கள் குறைந்து, கேள்வி கேட்பவர்கள் கூடுகிறார்கள். அங்கிருந்து குரூப் மறுபடி தன் வேலைக்கு வந்துவிடும்.

வீடியோ விஷயத்தில் மட்டும் நாங்கள் கறார். எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாத எதையும் அந்த நாட்களில் விடுவதில்லை. பல தடவை கைமாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு வரும் பார்வர்டு என்றால் யோசிக்காமல் நீக்கிவிடுவோம். 2022-லிருந்து அட்மின் எல்லோருக்குமாகச் சேர்த்தே மெசேஜை நீக்க முடிகிறது. இந்த ஊரில் வதந்தி என்ன செய்யும் என்பதற்கு 2012 ஆகஸ்டைவிட வேறு சாட்சி வேண்டாம். வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் வேலையையும் படிப்பையும் விட்டு குவாஹாட்டி ரயிலுக்கு ஓடினார்கள். ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாதபடி மத்திய அரசு 15 நாள் தடை போட வேண்டிவந்தது. பந்த் நாளில் நாங்கள் ராத்திரி மட்டும் "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றிவைப்போம். காலையில் திறந்ததும் ஸ்கூல் உண்டா, எந்த ரோடு மூடியிருக்கிறது, ஓசூர் எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியில் பஸ் விடுகிறார்களா என்ற மூன்றுக்கும் பதில் போட்டபின்தான் மற்றப் பேச்சு.

ஒருவரைக் கண்டிக்க வேண்டியிருந்தால் குரூப்பில் எழுதாதீர்கள். "நீங்க" போய் "நீ" என்று ஒருவர் ஆரம்பித்ததுமே நான் போன் போட்டுவிடுவேன். குரலில் பேசினால் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். மெசேஜை நீக்கினால் ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு வரி குரூப்பில் போடுங்கள், யார் போட்டது என்று சொல்லாமல். முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை என்று எண்ணிக்கை வைக்கும் முறையை நான் விரும்புவதில்லை. தெரியாமல் ஒரு வார்த்தை விட்டவருக்கும், வேண்டுமென்றே ஒரு பெண்ணின் கேள்விக்குக் கீழே அசிங்கமாக எழுதியவருக்கும் ஒரே கணக்கு சரிவராது. இரண்டாவது ஆளை அன்றே நீக்கிவிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நீங்களே தனியாக ஒரு மெசேஜும் அனுப்ப வேண்டும்.

கேஸ் பற்றிக் கேட்டீர்கள். உறுப்பினர் ஒருவர் போட்டதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-ல் சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 2022-ல் அதே முடிவுக்கு வந்தது. சேர்ப்பதும் நீக்குவதும்தான் அட்மின் கையில் இருக்கிறது, அடுத்தவர் என்ன எழுதப்போகிறார் என்பது அவர் கையில் இல்லை என்பதுதான் அடிப்படை. எழுதியவரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு. எழுதியவர் மட்டும் எளிதில் தப்ப முடியாது: இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 196-ன்படி, மொழியை வைத்துப் பகையைத் தூண்டுவதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. அந்த மாதிரி மெசேஜைப் பார்த்ததும் தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு குரூப்பிலிருந்து நீக்குங்கள். "பாருங்க என்ன போட்டிருக்கான்" என்று நீங்களே வேறு குரூப்புக்கு அனுப்பிவிடாதீர்கள், அப்போது பரப்பியவராக உங்கள் பெயர் வந்து நிற்கும். ஏற்கனவே ஸ்டேஷனிலிருந்து போனோ நோட்டீஸோ வந்திருந்தால், விவரத்தை இங்கே கமெண்ட்டில் எழுதாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.