முதலில் வாய்க்காலைப் பாருங்கள்: நெதர்லாந்து வேளாண் பயணம், கேள்வி பதில்

வேளாண் மாணவியாக ஒருமுறை நெதர்லாந்து போனேன். அப்புறம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை. முதல்முறை கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இங்கே.

கேள்வி: அக்கா, இருப்பதே இரண்டு வாரம். வாகெனிங்கன் பல்கலைக்கழகம், பசுமைக்குடில், பூ ஏலம் என்று பட்டியல் நீள்கிறது. எதை முதலில் பார்ப்பது?

வாய்க்காலை. சிரிக்காதீர்கள். அந்த நாட்டில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே பெம்ஸ்டர் என்ற பகுதி ஒரு காலத்தில் ஏரி. காற்றாலைகளை வைத்துத் தண்ணீரை இறைத்து 1612-ல் அதை வயலாக்கினார்கள். அதைச் சுற்றியுள்ள கரையில் ஏறி நில்லுங்கள். ஒரு பக்கம் வாய்க்காலில் படகு போகும், மறுபக்கம் அதைவிடப் பள்ளத்தில் மாடு மேயும். எனக்கு அங்கேதான் எல்லாம் புரிந்தது.

இறைப்பு நின்றால் பக்கத்து வயலும் சேர்ந்தே மூழ்கும். அதனால் சண்டைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசியே தீர வேண்டும். 13-ஆம் நூற்றாண்டிலேயே கரையையும் நீரையும் கவனிக்கும் நீர் வாரியங்கள் வந்துவிட்டன, இன்றும் அவற்றுக்குத் தேர்தல் நடக்கிறது. இப்படி மீட்ட நிலத்துக்குப் பெயர் போல்டர். பேசிப் பேசி உடன்பாட்டுக்கு வருவதற்குப் பெயர் 'போல்டரன்'. ஆகவே வேளாண்மைக்கு ஒன்று, பண்பாட்டுக்கு ஒன்று என்று இரண்டு நோட்டு போடாதீர்கள்.

கேள்வி: பசுமைக்குடிலுக்குள் என்ன கவனிக்கணும்?

எல்லோரும் மேலே பார்த்துத் தக்காளிக் கொத்தைப் படம் எடுப்பார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். வரிசைகளுக்கு நடுவே இரண்டு இரும்புக் குழாய்கள் ஓடும். உள்ளே போகும் வெந்நீர் குடிலைச் சூடாக்குகிறது. பறிக்கிறவர் தள்ளும் வண்டிக்குத் தண்டவாளமும் அதே குழாய்தான்! பெரும்பாலும் செடி மண்ணிலேயே இருக்காது, பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சுக் கட்டியில் நிற்கும். மகரந்தச் சேர்க்கைக்கு அட்டைப்பெட்டியில் பம்பிள் தேனீக்கள் இருக்கும். தேனீ செத்தால் காய் பிடிக்காது என்பதால் மருந்தடிக்க யோசிப்பார்கள்.

விளைச்சல் எவ்வளவு என்று கேட்டதோடு நிற்காதீர்கள், எரிவாயுச் செலவையும் கேளுங்கள். 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது சிலர் குடிலைக் காலியாகவே போட்டுவிட்டார்கள்.

கேள்வி: ஆல்ஸ்மீர் பூ ஏலம் பார்க்கத் தகுந்ததா?

தகுந்ததுதான், ஆனால் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். விலை மேலிருந்து இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ. வாங்குகிறவர்கள் இப்போது பெரும்பாலும் கணினி வழியாகவே வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது கீழே ரயில் மாதிரி கோத்து இழுத்துப் போகும் பூவண்டிகளை.

கேள்வி: பையில் என்னென்ன கொண்டு போகலாம், மேடம்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டு போகக் கூடாது. அம்மா கட்டிக்கொடுக்கும் நெய்யும் அதில் சேர்த்திதான். பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் தாவர நலச் சான்றிதழ் (பூச்சியும் நோயும் இல்லை என்ற சான்று) தேவையில்லை.

அதைவிட முக்கியம் செருப்பு. அதில் ஒட்டிய மண் ஒரு பண்ணையின் நோயை இன்னொன்றுக்குக் கொண்டு போய்விடும். முதல் பயணத்தில், காலையில் ஒரு மாட்டுப் பண்ணையில் ஒட்டிய சேற்றோடு மதியம் பன்றிப் பண்ணைக்குப் போய் நின்றேன். உரிமையாளர் என் காலைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். தோழிகள் குளித்து, பண்ணை உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் இரண்டு மணி நேரம் பேருந்தில் இருந்தேன். கழுவிய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விவசாயி வீட்டில் தங்கும்போது எப்படி நடந்துகொள்வது?

சொன்ன நேரத்துக்குப் போங்கள். மதியம் சூடான சாப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள். ரொட்டியும் சீஸும் வரும். பெரியவர்களே ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் துகள் தூவிச் சாப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே பேசுவார்கள், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நைட்ரஜன் விவகாரத்தைப் பற்றி, அதாவது கால்நடைக் கழிவிலிருந்து வரும் மாசைப் பற்றி, முதல் நாளே கேட்காதீர்கள். 2019-ல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தபின், கால்நடைகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதை எதிர்த்து விவசாயிகளின் டிராக்டர்கள் அரசு இயங்கும் ஹேக் நகருக்கே போயின. 2022-ல் எதிர்ப்பைக் காட்டத் தேசியக் கொடியைத் தலைகீழாகக் கட்டியவர்கள் பலர். மூன்றாம் நாள், அவர் கூடவே மாட்டுக்குத் தீனி தள்ளும்போது கேளுங்கள், பேசுவார்.

கேள்வி: துலிப் கிழங்கு வாங்கி வரலாமா?

இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். மரச்செருப்பு வாங்குங்கள். மண் படாத புதுச்செருப்பாக.