கொரோனாவுக்குப் பிறகு தொழிலை நிமிர்த்த: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதியச் சாப்பாட்டுப் பார்சல் கடை நடத்துகிறேன். ஊரடங்கில் மூடித் திறந்த பிறகு பழைய வியாபாரம் இல்லை. பார்சல் 350 ரூபா. பக்கத்துக் கடையைப் போல 300 ஆக்கினால் ஆட்கள் திரும்பி வருவார்களா?
– வாசகி, உப்புவெளி

பதில்: வருவார்கள். ஆனால் வந்து உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை முதலில் பாருங்கள். கீழே உள்ள தொகைகள் ஓர் எடுத்துக்காட்டுத்தான். அந்த இடங்களில் உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்சல் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் போகிற செலவை முதலில் கூட்டுங்கள். வாடகை 25,000, மின்சாரம் 12,000, உதவியாள் சம்பளம் 45,000, கடன் தவணை 18,000, சில்லறைச் செலவு 5,000. இதோடு உங்கள் சம்பளம் 40,000 என்றும் எழுதுங்கள். பல கடைகளின் கணக்கில் இந்தச் சம்பளம் எழுதப்படாததால்தான் வியாபாரம் நடந்தும் வீட்டில் காசு நிற்பதில்லை. மொத்தம் 1,45,000. மாதத்தில் 25 நாள் கடை திறந்தால் ஒரு நாளுக்கு 5,800 ரூபா.

ஒரு பார்சலுக்கு அரிசி, மீன், மரக்கறி, தேங்காய், எரிவாயு, பெட்டி எல்லாம் சேர்த்து 230 ரூபா போனால், 350க்கு விற்கும்போது மிஞ்சுவது 120. அப்படியானால் நாளுக்கு 49 பார்சல் விற்றால்தான் கை கடிக்காது. 300க்கு விற்றால் மிச்சம் 70தான். அதே 5,800ஐ எடுக்க 83 பார்சல் வேண்டும். 50 ரூபாவைக் குறைத்துவிட்டு 34 பார்சலைக் கூடுதலாக விற்க வேண்டும். உங்கள் அடுப்பும் ஆட்களும் அதைத் தாங்குமா?

அந்த 230 சரியா என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கணக்குப் பிழையாவது மீனில்தான். கிலோ 1,000 ரூபாவுக்குச் சூரை வாங்கி, தலை, குடல், செட்டை போக 650 கிராம் மிஞ்சினால், அந்தச் சதையின் விலை கிலோவுக்கு ஏறத்தாழ 1,540. 60 கிராம் துண்டு ஒன்று 60 ரூபா அல்ல, 92 ரூபா. மீன் விலை ஏறும் நாட்களில் விலைப்பலகையை மாற்ற முடியாது, ஆனால் கறியை மாற்றலாம். முட்டை, கருவாடு, பருப்பு என்று இரண்டு மாற்றுப் பார்சல்களின் கணக்கையும் முன்கூட்டியே போட்டு வைத்திருங்கள். 2019 விலைகளை நினைவில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2022இல் ரூபா விழுந்த பிறகு அந்தக் கணக்குக்குப் பெறுமதி இல்லை.

அடுத்த ஓட்டை, மிஞ்சுகிற பார்சல். 5 பார்சல் விற்காமல் கிடந்தால் 1,150 ரூபா போச்சு. அது ஏறக்குறைய 10 பார்சலின் மிச்சம். காலை 9 மணிக்குள் வாட்ஸ்அப்பில் ஓடர் எடுங்கள். சோற்றை ஒரே தடவையில் வடிக்காமல் இரண்டு பானையாக, இரண்டாவதை 12 மணிக்கு மேல் தேவை பார்த்து வையுங்கள். விலை குறைந்த சாப்பாடு கேட்பவர்களுக்கு முழுப் பார்சலின் விலையை வெட்டாமல், அரைப் பார்சல் ஒன்றை 220 ரூபாவுக்குக் கொடுங்கள். அதன் செலவு 140க்குள் நின்றால் 80 ரூபா மிஞ்சும்.

கேள்வி: நிலாவெளியில் நான்கு அறை விருந்தினர் விடுதி. கொரோனாக் காலத்தில் வங்கி ஆறு மாதம் தவணையை நிறுத்தி வைத்தது. இப்போது பார்த்தால் கடன் கூடியிருக்கிறது. இது எப்படி?
– வாசகர், நிலாவெளி

பதில்: தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. 5 இலட்சத்துக்கு 15 வீதம் என்றால் மாத வட்டி 6,250. ஆறு மாதத்தில் 37,500 சேர்ந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது, தவணையைச் சீசனோடு பொருத்துவது. திருகோணமலைக் கரையில் வருமானம் வருவது ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழையோடு அறைகள் காலியாகும். ஆகவே மழை மாதங்களில் வட்டி மட்டும், சீசனில் கூடுதல் தவணை என்று கேளுங்கள். வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். கடந்த 12 மாத வருமானத்தையும் செலவையும் மாதவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். தவணை 90 நாள் பிந்தினால் கடன் செயற்படாக் கடன் (ஒழுங்காகத் திருப்பிக் கட்டப்படாத கடன்) ஆகிவிடும். அதற்கு முன் போகிறவருக்குத்தான் பேச இடம் இருக்கும். கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் பெயர் வந்துவிட்டது என்று பயந்து ஒதுங்காதீர்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். அதில் இருப்பது கடன் வரலாறுதான். புதிதாகக் கடன் தருவதா என்பதை முடிவு செய்வது வங்கி.

கேள்வி: புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றும் படகு. எஞ்சின் நீண்ட காலம் ஓடவில்லை. அப்படியே ஸ்டார்ட் பண்ணலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம். பழைய பெற்றோலை முழுதாக வடித்துவிடுங்கள். அது பிசினாகிக் கார்புரேட்டரின் ஜெட் எனும் சிறு துளையை அடைத்திருக்கும். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இறுகினால் பலத்தைக் காட்டாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கியர் ஒயிலை வடிக்கும்போது பால் நிறமாக வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலை மாற்றாமல் கடலில் இறக்கக் கூடாது. புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையில் வழிந்த பின் முதலில் மேல் திருகை மூடுங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை ஏற்றும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைப் பார்க்காமலே மாற்றுங்கள். ஒரே நிலையில் கிடந்த ரப்பர் இறக்கைகள் வளைந்தபடி விறைத்துவிடும், தண்ணீர் ஏறாது, எஞ்சின் சூடேறிப் பிடிக்கும். முதல் ஓட்டம் நல்ல தண்ணீர்ப் பீப்பாவில். தண்ணீரில்லாமல் சில விநாடி ஓட்டினாலே புது இம்பெல்லர் கருகும். பக்கத்துத் துளையால் தண்ணீர் தெறிப்பது நின்றால் உடனே நிறுத்துங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் 50:1 கலவை என்றால் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் ஒயில். உங்கள் எஞ்சினுக்குரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். காசு குறைவென்றால் பெயின்ற் பிறகு அடிக்கலாம். இந்த வேலைகளைத் தள்ளிப் போடக் கூடாது, ஆட்களை ஏற்றும் படகு.

கேள்வி: கடன் கொப்பியில் ஊரடங்கு காலத்துப் பாக்கி நிறைய. எப்படி வாங்குவது?
– வாசகர், கிண்ணியா

பதில்: இலங்கைச் சட்டப்படி கடைக் கணக்குக் கடனுக்கு, அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பழைய பாக்கிக்கு ஆளோடு பேசித் தொகையை எழுதி, கையெழுத்து வாங்குங்கள். "கட்டாயம் தருகிறேன்" என்ற வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது. ஒரு பகுதியைக் கட்டினாலும் பயனுண்டு. திகதியோடு கொப்பியில் எழுதி அவரையும் ஒப்பமிடச் சொல்லுங்கள். தொகை பெரிதென்றால் சட்டத்தரணியைப் பாருங்கள். தொழில் இழந்து உண்மையிலேயே இல்லாதவரிடம் வாரம் 200, 300 என்று வாங்குங்கள். புதுச் சாமானை அவருக்குக் கைக்காசுக்கு மட்டும் கொடுங்கள், பழைய பாக்கியோடு கலந்து எழுதாதீர்கள்.