எதிரியிடம் பேரம், நண்பனிடம் நெருக்கடி

கேள்வி: ரீகன் காலத்தில் அமெரிக்கா, எதிரியான சோவியத்துடன் ஏவுகணை ஒப்பந்தம் செய்தது, நண்பனான ஜப்பானோடு வணிகச் சண்டை போட்டது. இது முரண் இல்லையா? டாலரின் மதிப்பை இறக்க அன்று போட்ட பிளாசா ஒப்பந்தம் போல ஒன்றைச் சீனாவுடன் போட்டுவிட்டால் இன்றைய சுங்கவரிச் சண்டை தீர்ந்துவிடும் என்கிறார்களே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: முரண் எதுவும் இல்லை. சோவியத் திருப்பி அடிக்கக்கூடிய நாடு. ஜப்பான் தன் பாதுகாப்புக்கு அமெரிக்கப் படையையும் அணுகுண்டையும் நம்பியிருந்த நாடு. இருவரையும் வாஷிங்டன் ஒரே மாதிரி நடத்தியிருந்தால்தான் ஆச்சரியம்.

1987 டிசம்பர் 8 அன்று அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும், தரையிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகள் அத்தனையும் ஒழிய வேண்டும். சோவியத்தின் வாட்கின்ஸ்க் ஏவுகணை ஆலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கினார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மாக்னாவில் சோவியத் ஆய்வாளர்கள். 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிந்தன. 2019-ல் அமெரிக்கா விலகியதோடு ஒப்பந்தம் முடிந்துபோனது வேறு கதை. ஆனால் இருந்தவரை அதில் எண்ணிக்கை இருந்தது, சோதனை இருந்தது, இரு பக்கமும் ஒரே விதி இருந்தது.

பிளாசாவில் இதெல்லாம் எங்கே? 1985 செப்டம்பர் 22, நியூயார்க்கில் பிளாசா என்ற ஓட்டல். அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் நிதியமைச்சர்கள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டார்கள். அப்போது டாலருக்குச் சுமார் 240 யென். 1987 முடிவில் சுமார் 120, அதாவது யென்னின் மதிப்பு இரட்டிப்பானது. சரி, சண்டை தீர்ந்ததா? ஜப்பானுடனான அமெரிக்காவின் வணிகப் பற்றாக்குறை 1985-ல் சுமார் 4,600 கோடி டாலர். 1987-ல் சுமார் 5,600 கோடி. பிறகு ஓரளவு இறங்கியது உண்மைதான். ஆனால் ரீகன் அதற்குக் காத்திருக்கவில்லை. இரு நாடுகளுக்கும் இடையே இருந்த கணினிச் சிப் வணிக ஒப்பந்தத்தை ஜப்பான் மீறிவிட்டது என்று சொல்லி, 1987 ஏப்ரலில் 30 கோடி டாலர் மதிப்புள்ள ஜப்பானிய மின்னணுப் பொருள்களுக்கு நூறு சதவீத வரி போட்டார். நாணயத்தில் விட்டுக்கொடுத்த பிறகும் வரி வந்தது!

யென் ஏறியதும் வெளிநாட்டில் ஜப்பானியப் பொருள்களின் விலை கூடி, ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். அவர்களைத் தாங்க அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை 5 சதவீதத்திலிருந்து 2.5-க்கு இறக்கியது, மலிவான கடன் நிலத்திலும் பங்குகளிலும் போய்க் கொட்டியது. 1989 கடைசியில் 38,915 புள்ளிகளைத் தொட்ட ஜப்பானியப் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய், அந்த உயரத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். எல்லாப் பழியும் பிளாசாவுக்கல்ல, டோக்கியோ வட்டியை ஏற்றத் தாமதித்ததும் பெரிய காரணம். ஆனால் தொடக்கம் அங்கேதான்.

இந்தக் கதையைப் பெய்ஜிங்கில் இருப்பவர்கள் நம்மைவிட நன்றாகவே படித்திருக்கிறார்கள். சீனாவில் அமெரிக்கப் படைத்தளம் இல்லை. அணுகுண்டு சொந்தமாக இருக்கிறது. யுவானின் மதிப்பை ஒரு ஓட்டல் அறையில் முடிவுசெய்ய அவர்கள் ஏன் வர வேண்டும்? வாஷிங்டன் உண்மையாகவே தீர்வை விரும்பினால், 1987-ல் மாஸ்கோவிடம் உட்கார்ந்ததுபோல உட்காரட்டும்: தன் பட்ஜெட் பற்றாக்குறையையும் மேசையில் வைத்து, சீனா எதைக் குறைக்கிறதோ அதற்கு ஈடாகத் தான் எதைக் குறைக்கும் என்று எழுதிக் கொடுத்து.