எடுத்தவரும் எடுப்பித்தவரும்

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு தனியார் விதை நிறுவனத்தின் களப்பணியாளராக ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். செயல்விளக்க வயல்களையும் உழவர் கூட்டங்களையும் படமெடுத்து அனுப்புவதும் என் வேலையில் சேர்ந்தது. கேமரா நிறுவனத்துடையது, சில நேரம் என் கைப்பேசியிலும் எடுப்பேன். சென்ற குறுவை நடவின்போது, நாற்றுமுடிகளைச் சுமந்து பெண்கள் வரப்பில் வரும் காட்சியை எடுத்தேன். அது இவ்வாண்டு நிறுவனத்தின் நாட்காட்டியில் வந்திருக்கிறது. கீழே மேலாளரின் பெயர். கேட்டதற்கு, "சம்பளத்துக்கு எடுத்த படத்தில் உனக்கென்ன உரிமை?" என்றார்கள். அந்தப் படத்தை நான் ஒரு போட்டிக்கு அனுப்பலாமா?

கா., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள கா.,

உங்கள் நிறுவனத்தார் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், நிழற்படத்தை எடுத்தவரே அதன் ஆக்கியோன் என்று சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக ஒருவர் ஆக்கிய படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே செயல்விளக்க வயலில் எடுத்த அந்தப் படத்தை நிறுவனத்தின் எழுத்துமூலமான ஒப்புதலின்றிப் போட்டிக்கு அனுப்பாதீர்கள்.

கேமரா யாருடையது என்பதை வைத்து உரிமை தீர்வதில்லை. நானும் பதினோரு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்குப் படமெடுத்தவன். அங்கே எல்லோரும் இதைத் தவறாகவே புரிந்துகொண்டிருந்தோம், நான் உட்பட. உங்கள் சொந்தக் கைப்பேசியில் எடுத்தாலும் அது வேலைக்காக எடுத்ததென்றால் நிறுவனத்துக்கே சேரும். விடுமுறை நாளில் உங்கள் விருப்பத்துக்குத் திருவாரூர் ஆழித்தேரை எடுத்தீர்கள் என்றால், கேமரா அலுவலகத்துடையதாகவே இருந்தாலும், படத்தின் உரிமை உங்களுடையது. கேமராவைக் கேட்காமல் கொண்டுபோனதற்கு அவர்கள் கோபித்துக்கொள்ளலாம், அது வேறு வழக்கு. நாளிதழிலும் வார இதழிலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் படக்காரருக்குச் சட்டம் சற்றுக் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறது: இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டுமே முதலாளிக்கு, மற்றவை, வேறு உடன்பாடு இல்லையெனில், எடுத்தவருக்கே.

இனி அவர்கள் சொல்லாமல் விட்ட பாதி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டில் இராசராசன் அக்கோயிலை "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்று சொல்லிக்கொள்கிறான். எடுத்த என்று சொல்லவில்லை, எடுப்பிச்ச என்கிறான். பிறவினை விகுதி ஒன்றைச் சேர்த்து, செய்தவர் வேறு, செய்வித்தவன் தான் என்று பேரரசனே ஒப்புக்கொள்கிறான். கட்டிய பெருந்தச்சனான குஞ்சரமல்லனின் பெயரும் அக்கோயிலில் கல்லில் இருக்கிறது. அந்த அடித்தளக் கல்வெட்டுகளை 1858இல் படமெடுத்தவரும் உங்களைப் போன்ற ஒரு சம்பளக்காரர்தான். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், விமானத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, பத்தொன்பது அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக ஆக்கினார். மறு ஆண்டே புதிய ஆளுநர் டிரெவெலியன் இதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். எடுப்பித்தது அரசாங்கம், செலவும் அரசாங்கத்துடையது. ஆனால் அப்படங்கள் இன்றளவும் டிரைப் எடுத்தவை என்றே அறியப்படுகின்றன, டிரெவெலியனின் படங்கள் என்று எவரும் சொல்வதில்லை.

நம் சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதப்பட்டது. அதன் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையைச் சாராமலும், அதை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பின்னும்கூட, "இதை ஆக்கியவன் நான்" என்று கோரும் உரிமையை ஆக்கியோனுக்கு வைத்திருக்கிறது. நாட்காட்டியை அச்சிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பெயரே போடாமல் விட்டிருந்தால்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன், அது நம்மூர் வழக்கம். எடுக்காதவர் பெயரை எடுத்தவராகப் போடுவதற்கு 17ஆம் பிரிவு எங்கும் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் எடுத்தது நீங்கள் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள். அதில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், கருவி முதலிய விவரங்கள் கழன்றுவிடும். கோப்பாக அனுப்பினால் தங்கும். மூலக்கோப்பையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். மேலாளரோடு வழக்காட வேண்டாம். ஒன்பது ஆண்டு வேலையை ஒரு நாட்காட்டிக்காக இழக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: படம் வெளியாகும் இடத்தில் எடுத்தவர் பெயர் வர வேண்டும், என் தொகுப்பில் காட்டவும் போட்டிக்கு அனுப்பவும் அனுமதி வேண்டும், வேலை நேரத்துக்கு வெளியே என் விருப்பத்துக்கு எடுத்தவை என்னுடையவை. கையெழுத்திட்ட பதிலைக் கேளுங்கள். "வேறு உடன்பாடு இல்லாதவரை" என்று சட்டம் சொல்வது இப்படிப்பட்ட ஒரு தாளைத்தான்.

சிவகாசியில் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரிகள் ஆடிப்பெருக்கு அன்றே வெளியாகிவிடும். உங்கள் கடிதம் அதற்கு முன் அவர்கள் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.