'ரன்'னுக்கு 645; 'அடி'க்கு எத்தனை?

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே சொல்லுக்கு 645 பொருள் இருக்கிறதாமே? தமிழில் 'ஓடு' என்றால் ஓடுவது மட்டும்தான். நம் மொழி ஏழை மொழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: 645 என்ற கணக்கு சரிதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 645 என்பது வினைச்சொல்லுக்கு மட்டும். அதற்கு முன் 1989 பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது.

ஆனால் 'ஓடு' என்றால் ஓடுவது மட்டும்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்கள் வீட்டில் ஒரு நாள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடுதா பார். கடிகாரம் ஓடவில்லை, பேட்டரி மாற்று. அந்தப் படம் நூறு நாள் ஓடியது. ஏதோ குடும்பம் ஓடுகிறது. செய்தி கேட்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதில் எங்கேயாவது யாராவது காலைத் தூக்கி ஓடினார்களா? இயந்திரங்கள் பெருகியபோது ஆங்கிலம் 'ரன்'னிடம் போனது, தமிழ் 'ஓடு'விடம் போனது. இரண்டும் ஒரே வேலைதான்.

'ஓடு'கூடப் பரவாயில்லை, 'அடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மணி அடிக்கிறது, வாடை அடிக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், பயிருக்கு மருந்து அடிக்கிறோம், களத்தில் கதிர் அடிக்கிறோம், திண்ணையில் அரட்டை அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. அப்புறம் பெயர்ச்சொல்: குறளுக்கு இரண்டடி, ஆள் ஆறடி, குழந்தை எடுத்து வைக்கும் முதல் அடி, அடி பிடித்த பால். நான் எழுதியதே பதினைந்து ஆகிவிட்டது. 'போடு', 'எடு', 'விடு', 'பிடி' பக்கம் இன்னும் போகவே இல்லை. எந்த மொழியிலும் அதிகம் புழங்குகிற சின்னச் சொல்தான் அதிகப் பொருளைச் சுமக்கும்.

எண்ணிக்கை என்பது எண்ணுகிறவரையும் பொறுத்தது. ஆறு ஓடுவதும் மோட்டார் ஓடுவதும் ஒரு பொருளா, இரண்டா? நுணுக்கமாகப் பிரித்தால் கணக்கு ஏறும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கான வேலை 1857-இல் தொடங்கியது. முதல் பதிப்பு முடிய 1928 ஆயிற்று. ஊர் ஊராக வாசகர்கள் மேற்கோள் எழுதிய சீட்டுகளை லட்சக்கணக்கில் அனுப்பினார்கள். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-க்கும் 1936-க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வந்தது, மாபெரும் உழைப்பு. இக்கால வழக்கை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பதிவு செய்த க்ரியா அகராதி 1992-இல்தான் வந்தது. நம் பேச்சை நாம் இன்னும் முழுதாக எண்ணி முடிக்கவில்லை. என் வருத்தம் அதுதான். அந்தக் குறையை மொழியின் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 645 பொருளையும் மனப்பாடம் செய்த ஆங்கிலேயர் யாரும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் சொல்தான் பொருளைக் காட்டிக்கொடுக்கும். கடையோடு வந்தால் 'நடத்துகிறார்', மூக்கோடு வந்தால் 'ஒழுகுகிறது', துணிச் சாயத்தோடு வந்தால் 'போகிறது'. இது பிடிபடாததால்தான் என் மேசைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பில் 'அவர் அதிபர் பதவிக்கு ஓடினார்' என்று இருந்தது. 'போட்டியிட்டார்' என்று திருத்தினேன். தேர்தலில் அமெரிக்கர்தான் ஓடுவார். பிரிட்டனில் வேட்பாளர் நிற்பார். நாமும் நிற்கத்தான் செய்கிறோம், 'எங்கள் தொகுதியில் யார் நிற்கிறார்?' என்றுதானே கேட்கிறோம்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நோட்டில் 'அடி' என்று தலைப்பு எழுதி, ஒரு மாதம் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேருந்திலும் காதில் விழுவதை வாக்கியத்தோடு குறித்து வாருங்கள். பாட்டி இருந்தால் அவர் பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் உட்காருங்கள். பட்டியலை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.