கார்டுக் கடனைக் கட்டவா, காசை வைத்திருக்கவா?

கேள்வி: உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 55,000 ரூபா. சீசனில் சேர்விஸ் சார்ஜ் தனியாக வரும். கணவர் ஓட்டோ ஓடுகிறார். போன மாரியில் கூரை திருத்தியது, மகனின் மருந்துச் செலவு, வீட்டுச் சாமான் எல்லாம் கிரெடிட் கார்டில் போய், இப்போது 120,000 ரூபா நிற்கிறது. மாதாமாதம் ஆகக்குறைந்த தொகையைக் கட்டுகிறேன். கையில் 40,000 இருக்கிறது. அதைக் கார்டுக்குக் கட்டவா, அவசரத்துக்கு வைக்கவா?
- வாசகி, திருகோணமலை

பதில்: 25,000ஐக் கார்டுக்குக் கட்டுங்கள். 15,000ஐத் தொடாமல் வையுங்கள். வட்டிக் கணக்கை மட்டும் பார்த்தால் முழுவதையும் கட்டுவதுதான் இலாபம். ஆனால் அடுத்த கிழமை ஓட்டோ பழுதானால் திரும்பவும் அந்தக் கார்டைத்தானே எடுப்பீர்கள்? கொஞ்சமாவது கைக்காசு இருந்தால்தான் கார்டை அலுமாரிக்குள் பூட்டி வைக்க முடியும்.

ஆகக்குறைந்த தொகை உங்களை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். வட்டி ஆண்டுக்கு 26 வீதம் என்று வைத்துக்கொள்வோம் (சரியான வீதம் உங்கள் மாதக் கூற்றில் இருக்கும்). 120,000க்கு மாத வட்டி மட்டும் 2,600 ரூபா. ஆகக்குறைந்த தொகை 5 வீதம் என்றால், 6,000 கட்டியும் கடனில் குறைவது 3,400தான். போதாததற்கு, பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் அநேகமான கார்டுகளில் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் காசு எடுத்தால் கட்டணமும் உண்டு, அன்றிலிருந்தே வட்டியும் உண்டு. 2022இல் கார்டு வட்டி எப்படி ஏறியது என்பது நினைவிருக்கும். கார்டில் இருக்கும் 'லிமிட்' உங்கள் சேமிப்பு அல்ல. வங்கி நினைத்தால் அதைக் குறைக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'போன மாரியில்' என்ற சொல். மகனின் வருத்தம் அவசரம்தான். ஆனால் மாரி அவசரமல்ல, அது வருடா வருடம் வருகிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். வாடைக்காற்று தொடங்கினால் சேர்விஸ் சார்ஜும் சுருங்கும், ஓட்டோ ஹயரும் குறையும். அந்த மாதங்களில் வீட்டுக்கு 20,000 ரூபா துண்டு விழும் என்றால், ஏழு மாதத்துக்கு 140,000. இதை அவசர நிதியோடு கலக்காதீர்கள். 'மாரிக் காசு' என்று தனியாக வையுங்கள். கலந்து வைத்தால் ஜனவரியில் எல்லாம் முடிந்துவிடும், அப்புறம் ஒரு காய்ச்சலுக்கும் கார்டுதான்.

ஆக, இந்தச் சீசனின் சேர்விஸ் சார்ஜில் பெரும்பகுதி முதலில் கார்டுக்கு. அது முடிந்ததும் மாரிக் காசு. அதன் பிறகுதான் அவசர நிதி: வாடகை, சாப்பாடு, கரண்ட், பள்ளிக்கூடச் செலவு என்று தவிர்க்க முடியாதவற்றை மட்டும் கூட்டி, மூன்று மாதத்துக்கு. ஒரே வருடத்தில் சேராது, பரவாயில்லை.

சம்பளம் வரும் கணக்கில் இந்தக் காசை விடாதீர்கள். வேறு வங்கியில், ஏ.டி.எம். கார்டு வாங்காமல் ஒரு புத்தகக் கணக்கு போதும். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபாலகத்திலும் தொடங்கலாம். சீட்டு மாரிக் காசுக்குச் சரிவரலாம், அவசர நிதிக்குச் சரிவராது. உங்கள் முறை வரும்வரை வருத்தம் காத்திருக்காதே.

இடையில் பெரிய செலவு வந்து 15,000 போதாவிட்டால், கார்டில் காசு எடுப்பதைவிட வங்கியில் நகை அடகு வைப்பது பெரும்பாலும் மலிவு. கௌரவம் பார்க்காமல் இரண்டு வட்டியையும் கேட்டுப் பாருங்கள். வங்கிக்குப் போகும் அன்றே, கார்டுப் பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தருவார்களா என்றும் விசாரியுங்கள். மாற்றுவதற்கான கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.