வீட்டு நிர்வாகத்துக்கு எந்தப் புத்தகம்? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மனையியல் அடுக்கு ரொம்ப காலம் என் பொறுப்பில் இருந்தது. வீட்டைப் பராமரிப்பது, அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றிய புத்தகங்களைத் தேடுகிறவர்கள் கேட்கலாம். சமையல் குறிப்பு, வாஸ்து இரண்டும் வேண்டாம்.

கேள்வி: அக்கா, இப்போதுதான் தனிக்குடித்தனம் வந்திருக்கிறோம். தமிழில் ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்களேன்.

பதில்: பிளஸ் டூ மனையியல் பாடப்புத்தகம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். நேரம், உழைப்பு, பணம் மூன்றையும் கையிருப்பாக வைத்து எப்படித் திட்டமிடுவது, குடும்ப வரவு செலவு, துணி பராமரிப்பு, சத்துணவு என்று வரிசையாகப் போகும். பாடநூல் கழகத்தின் தளத்தில் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கும். கடையில் கிடைக்கிற 'இல்லத்தரசிகளுக்கு டிப்ஸ்' வகைப் புத்தகங்களில் எலுமிச்சைத் தோலை எங்கெங்கே தேய்க்கலாம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலையில் எந்த வேலையில் ஆரம்பிப்பது என்று ஒரு வரி இருக்காது. எதை வாங்கினாலும் முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், அப்புறம் அது யாருடைய வீட்டுக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள்.

கேள்வி: நூலகத்தில் எந்த அடுக்கில் தேடுவது?

பதில்: பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறை இருந்தால், வீட்டு நிர்வாகத்துக்கு 640. 641 சமையல், பலரும் அங்கேயே நின்றுவிடுவார்கள், தாண்டிப் போங்கள். 646 தையல், உடை. 648 வீட்டுச் சுத்தம். பணம் சம்பந்தப்பட்டது 332 பக்கமும் சிதறிக் கிடக்கும்.

கேள்வி: மேரி கோண்டோ புத்தகம் நம் வீடுகளுக்குச் சரிப்படுமா?

பதில்: பாதி. வீட்டில் சேர்ந்ததைக் கழித்து அடுக்கச் சொல்லித் தருகிற ஜப்பான்காரர் அவர். அறை அறையாகப் போகாமல் வகை வகையாகப் போவது அவர் முறை: முதலில் துணி, பிறகு புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில் நினைவுப் பொருள்கள். இந்த வரிசை நம் வீட்டுக்கும் நல்லதுதான், கல்யாண ஆல்பத்தில் ஆரம்பித்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். துணியைச் சின்னதாக மடித்து நிற்க வைக்கச் சொல்வார், காட்டனுக்குச் சரி. பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் விட்டுவைத்தால் ஜரிகை அந்த இடத்தில் ஒடிந்துவிடும், சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்ற வேண்டும். இன்னொன்று, அது வீட்டில் சேர்ந்ததைக் கழிக்கச் சொல்லித் தருகிற புத்தகம். தினசரி வேலை ஒழுங்குக்கு அதில் அதிகம் இல்லை.

கேள்வி: பீட்டன் அம்மையாரின் வீட்டு நிர்வாக நூல் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கட்டுமா?

பதில்: 1861-இல் லண்டனில் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், பெரும்பகுதி சமையல், மீதியில் கணிசமான இடம் வேலைக்காரர்களின் கடமைகளுக்கு. ஏதோ பழுத்த பாட்டி எழுதியது என்று நினைக்காதீர்கள், அவர் இறந்தபோது வயது 28. உங்கள் வீட்டில் பட்லர் இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த பழைய வீட்டுக் குறிப்புப் புத்தகத்தில் மாதச் சாமான் பட்டியல் வீசை, பலம், படி, ஆழாக்கில் இருக்கிறது. இன்றைய கணக்கில் எவ்வளவு?

பதில்: பலம் சுமார் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. 8 ஆழாக்கு ஒரு படி. மெட்ரிக் எடைகள் 1962-இல் முழுமையாகக் கட்டாயமாயின, அதற்கு முந்தைய புத்தகம் என்றால் எல்லாவற்றையும் மாற்றித்தான் படிக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): படி என்றால் எந்தப் படி? எங்கள் ஊர்ப் படி வேறு.

கேள்வி (தஞ்சாவூர்): சின்னப்படியா, பெரியபடியா? பட்டணம் படியை வைத்து எல்லோருக்கும் கணக்குச் சொல்லக்கூடாது.

கேள்வி (நாகர்கோவில்): நாங்கள் நாழி என்போம். மதுரைக்காரர் சொல்கிற படி நியாயமானதே இல்லை.

பதில்: வீட்டு ஒழுங்கு பற்றிக் கேட்க வந்தவர்கள் படிச் சண்டையில் இறங்கிவிட்டீர்கள்! மூன்று பேர் சொல்வதும் சரிதான், படி ஊருக்கு ஊர் மாறியது. அதனால்தான் நான் படிக்கு மில்லி கணக்கே சொல்லவில்லை. பாட்டி வீட்டுப் பரணில் அந்தப் படியே கிடக்கும், அரிசியைப் போட்டுத் தலை தட்டி எடை மெஷினில் வையுங்கள். வருகிற எடைதான் உங்கள் குடும்பக் கணக்கு. புத்தகம் அச்சான ஊரையும் பாருங்கள். இதற்கு மேல் படி பற்றிப் பதில் கிடையாது.

கேள்வி: கோண்டோ வாங்கலாமா அக்கா?

பதில்: மேலே.

கேள்வி: இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். தினம், வாரம், மாதம் என்று பிரித்துச் சொல்கிற புத்தகம் உண்டா?

பதில்: ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் செரில் மெண்டல்சன் எழுதிய 'ஹோம் கம்ஃபர்ட்ஸ்', 1999. தலையணை சைஸ். எழுதியவர் வழக்கறிஞர், ஒரு வேலையை ஏன் செய்ய வேண்டும் என்று காரணத்தோடு சொல்வார், அதுதான் எனக்குப் பிடித்தது. கார்ப்பெட், கணப்பு அடுப்பு எல்லாம் வரும் இடங்களைத் தள்ளிவிடுங்கள். ஆனால் அமெரிக்க வீட்டில் குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர் வரும். நம்மில் பலருக்கு நாளைத் தீர்மானிப்பதே தண்ணீர் வரும் நேரம்தான். ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்கு நின்றுவிடும் என்றால் துணியும் பாத்திரமும் குளியலும் அதற்குள் முடிய வேண்டும், பெருக்குவது, மடிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் சாயங்காலத்துக்கு. அந்த ஒரு மணி நேரத்தை முதலில் தாளில் எழுதி இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள், பிறகு புத்தகத்தைத் திறக்கலாம்.

கேள்வி: பழந்தமிழில் இந்த மாதிரி உண்டா?

பதில்: ஆசாரக்கோவை, நூறு பாட்டு. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது வரை சட்டதிட்டம். விடிகாலையில் பாத்திரம் கழுவி, சாணம் தெளித்து, அப்புறம் அடுப்புப் பற்ற வைக்கச் சொல்லும் பாட்டும் உண்டு. யார் தலையில் அந்த வேலை விழுந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சமையலறை எந்த மூலையில் இருக்க வேண்டும்?

பதில்: ஆரம்பத்தில் என்ன சொன்னேன்?

கேள்வி: ஜப்பான் கணக்கு நோட்டு, ககேபோ, ஆன்லைனில் விற்கிறார்கள்.

பதில்: ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் தொடங்கி வைத்தது. முறை நல்லது, தினமும் கையால் எழுத வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். மளிகைக் கடையில் கிடைக்கும் கோடு போட்ட நோட்டே போதும்.

கேள்வி: பதிப்பு நின்றுபோன மனையியல் நூல்கள் எங்கே கிடைக்கும்?

பதில்: சென்னையில் இருந்தால் கன்னிமாரா பொது நூலகம். 1954 சட்டப்படி வெளியீட்டாளர்கள் புதுப் புத்தகங்களின் பிரதியை அங்கே அனுப்ப வேண்டும், அதனால் வேறெங்கும் இல்லாததும் தட்டுப்படும். வெளியூர் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். பழைய புத்தகக் கடைக்கே போவதென்றால், காசு கொடுப்பதற்கு முன் பதிப்பு ஆண்டு.